ஏஐ-யிடம் விடை கேட்டேன், கணக்கு உதைத்தது: ஒரு வீட்டு டோக்கனைத் துருவிய கதை

நண்பர் ஒருவர் ஒரு வாடகை வீட்டின் டோக்கன்களை, அதாவது பிளாக்செயின் என்ற பொதுக் கணக்கேட்டில் பதிவாகும் டிஜிட்டல் பங்குகளை, வாங்கி வைத்திருக்கிறார். வீட்டை ஆயிரம் துண்டு போட்டு விற்றதில் இவர் கையில் இருபது. வாரா வாரம் அவருடைய வாலட்டில் (டோக்கன் வைக்கும் டிஜிட்டல் பையில்) சில்லறையாக வாடகை வந்து விழும். ஒரு நாள் பேச்சுவாக்கில், "எல்லாக் கணக்கும் பிளாக்செயினில் திறந்தே கிடக்கிறது என்கிறார்கள், நீதான் நாள் முழுக்க ஏஐ-யோடு மல்லுக்கட்டுகிறாயே, இந்த வீடு தேறுமா தேறாதா என்று அதனிடம் கேட்டுச் சொல்லேன்" என்றார். அரை மணி நேர வேலை என்று நினைத்துச் சரி சொல்லிவிட்டேன். மூன்று வார இறுதிகள் போயின.

திட்டத்தின் பெயரையும் நான் பயன்படுத்திய ஏஐ உதவியாளரின் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. கீழே வரும் தவறுகளில் பாதி என்னுடையவை, கருவியை மாற்றியிருந்தாலும் அவை நடந்திருக்கும்.

நண்பரின் "தேறுமா" என்ற ஒற்றைச் சொல்லை முதலில் உடைக்க வேண்டியிருந்தது. மூன்று கேள்விகளாக உடைத்தேன். இந்த வீடு உண்மையில் எத்தனை பேர் கையில் இருக்கிறது, யாராவது ஒருவர் கையில் பெரும்பங்கு குவிந்திருக்கிறதா. வாடகை ஒழுங்காக வருகிறதா, எங்கிருந்து வருகிறது. நாளைக்கே பணம் வேண்டும் என்றால் இருபது டோக்கனையும் விற்று வெளியே வர முடியுமா. மூன்றுமே பிளாக்செயினில், சுருக்கமாகச் செயினில், விடை கிடைக்கக்கூடிய கேள்விகள் போலத்தான் தெரிந்தன. இரண்டாவது கேள்வியின் பின்பாதி அப்படியில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

எந்த வகை என்று சொல்லாமல் கேட்டால்

ஆரம்பத்தில் எந்தக் கருவியையும் இணைக்காமல் வெறும் உரையாடலாகக் கேட்டுப் பார்த்தேன். "டோக்கன் வைத்திருப்பவரின் பெயர் நிலப் பதிவேட்டில் ஏறுமா?" ஏறும், மாற்ற முடியாதபடி பதிவாகும் என்று மூன்று பத்தி எழுதித் தள்ளியது. படிக்க நன்றாகத்தான் இருந்தது. இந்தத் திட்டத்தைப் பொறுத்தவரை முழுத் தவறு.

சிக்கல் எங்கே என்றால், பிளாக்செயின் வீட்டு மனைத் தரவு என்ற ஒரே பெயரில் குறைந்தது மூன்று வேறு வேறு சமாச்சாரங்கள் உலவுகின்றன. ஜார்ஜியா நாட்டில் 2016-ல் தேசியப் பொதுப் பதிவேட்டு முகமை பிட்ஃப்யூரி நிறுவனத்தோடு சேர்ந்து செய்தது ஒரு வகை. பதிவேடு பழைய இடத்திலேயே இருக்கும், சான்றிலிருந்து கணக்கிட்ட ஹாஷ் என்ற குறியீடு மட்டும் பிட்காயின் செயினில் முத்திரை போலக் குத்தப்படும். அங்கே டோக்கனும் கிடையாது, வாடகையும் கிடையாது, "பின்னால் யாரும் திருத்தவில்லை" என்று நிரூபிக்க ஒரு கைரேகை, அவ்வளவுதான். துபாய் நிலத்துறை 2025-ல் எக்ஸ்ஆர்பி லெட்ஜர் என்ற பிளாக்செயினில் தொடங்கிய சோதனைத் திட்டம் இன்னொரு வகை, அதில் பதிவேட்டை வைத்திருக்கும் அரசுத் துறையே டோக்கன் விஷயத்திலும் இருக்கிறது. மூன்றாவது வகைதான் பரவலானது: ஒரு நிறுவனம் வீட்டை வாங்கும், அந்த நிறுவனத்தின் பங்கு டோக்கனாகும். 2018-ல் ஆஸ்பெனில் உள்ள செயின்ட் ரீஜிஸ் ஓட்டலின் பங்கை வைத்து 1.8 கோடி டாலர் திரட்டியது இந்த ரகம், 2019-ல் டெட்ராய்ட் வீடுகளோடு ரியல்டி (RealT) நிறுவனம் தொடங்கியதும் இந்த ரகம்தான். இதில் பத்திரம் நிறுவனத்தின் பெயரில் இருக்கும். டோக்கன் வைத்திருப்பவர் பெயர் பதிவேட்டில் எங்கேயும் வராது.

உதவியாளருக்கு இந்த மூன்றும் தெரியாமல் இல்லை, தனித்தனியாகக் கேட்டால் அழகாகவே விளக்குகிறது. ஆனால் எந்த வகை என்று நாம் சொல்லாவிட்டால் மூன்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டிவிடுகிறது. அதனால் அடுத்த உரையாடலிலிருந்து முதல் வரியே இப்படித்தான்: "இந்த டோக்கன் ஒரு நிறுவனத்தின் பங்கு. வீட்டின் பத்திரம் அந்த நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. டோக்கன் ஈஆர்சி-20 வடிவில் இருக்கிறது. இதைத் தாண்டி எதையும் ஊகிக்காதே." (ஈஆர்சி-20 என்பது எத்தீரியம் என்ற பிளாக்செயினில் டோக்கன்களுக்கான பொதுத் தரம்.) இந்த நான்கு வாக்கியம் அரை நாள் வேலையை மிச்சப்படுத்தியது.

அதே முதல் நாளில் இன்னொரு கூத்தும் நடந்தது. டோக்கனை நடத்தும் நிரலான கான்ட்ராக்டின் முகவரியைக் கேட்டேன், தயங்காமல் நாற்பது எழுத்துகளில் ஒன்றைக் கொடுத்தது. எத்தீரியம் முகவரிகளில் சில எழுத்துகள் பெரிதாகவும் சில சிறிதாகவும் கலந்து வருவதைக் கவனித்திருப்பீர்கள். அது அலங்காரத்துக்கு இல்லை, ஈஐபி-55 என்ற ஏற்பாட்டின்படி முகவரியின் ஹாஷிலிருந்து எந்த எழுத்து பெரிது என்று தீர்மானமாகிறது, ஒரு எழுத்து பிசகினாலும் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். அது கொடுத்த முகவரி இந்தச் சோதனையில் தேறவில்லை. புள்ளி வைத்தால் கோலம் போட்டுவிடுகிற பழக்கம் இதற்கு உண்டு, புள்ளி சரியா என்று பார்க்கிற பழக்கம் இல்லை. முகவரியை வழங்குநரின், அதாவது டோக்கனை வெளியிட்ட நிறுவனத்தின், ஆவணத்திலிருந்து நானே எடுத்து ஒட்டினேன். அன்றிலிருந்து இன்றுவரை எந்த முகவரியையும் உதவியாளரின் வாயிலிருந்து வாங்குவதில்லை.

கருவி இணைத்த பிறகு

2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்ற, ஏஐ-யை வெளிக் கருவிகளோடு இணைக்கும் ஏற்பாட்டுக்குப் பிறகு, உதவியாளரைப் பிளாக் எக்ஸ்புளோரரோடும் (செயின் பதிவுகளைத் தேடிப் பார்க்கும் தளம்) நோடோடும் (செயினின் நகலை வைத்திருக்கும் கணினி) இணைப்பது சுலபமாகிவிட்டது. நாம் தமிழில் கேட்கலாம், அது உள்ளே தேவையான ஏபிஐ-யை (மென்பொருள்கள் தரவு கேட்டு வாங்கும் வழி) கூப்பிட்டு, வந்த தரவைப் படித்துச் சொல்லும். நானும் அப்படி ஒரு இணைப்பை, படிக்க மட்டும் அனுமதித்து, போட்டுக்கொண்டேன். இனிமேல் புளுகு இருக்காது என்று நினைத்தேன். புளுகு குறைந்தது உண்மை. அதன் இடத்தில் வேறொன்று வந்தது: தரவு சரி, கூட்டல் தப்பு.

முதல் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். எத்தனை பேர் கையில் இந்த வீடு? இந்த டோக்கன் இரண்டு செயின்களில் இருக்கிறது. எத்தீரியம் பிரதானச் செயினில் பிறந்தது, கட்டணம் குறைவு என்பதால் பலர் பிரிட்ஜ் என்ற இணைப்பு வழியாக ஒரு பக்கச் செயினுக்குக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். உதவியாளர் இரண்டு பக்கமும் போய் ஹோல்டர் (டோக்கன் வைத்திருப்பவர்) பட்டியலை எடுத்து, பிரதானச் செயினில் 74, பக்கச் செயினில் 341, ஆக மொத்தம் 415 பேர் என்று அட்டவணை போட்டுக் கொடுத்தது. பெரிய ஹோல்டர் ஒருவர் 610 டோக்கன் வைத்திருக்கிறார், குவிப்பு அபாயம் இருக்கிறது என்று எச்சரிக்கை வேறு.

நண்பருக்கு அனுப்பப் போனேன். ஏதோ உறுத்தியது, அட்டவணையின் கடைசி நெடுவரிசையைக் கையால் கூட்டிப் பார்த்தேன். 1,610 வந்தது. வீட்டைத் துண்டு போட்டதே ஆயிரம்தான், கான்ட்ராக்டில் டோட்டல் சப்ளை என்று கேட்டாலும் ஆயிரம் என்றுதான் சொல்கிறது, அப்புறம் எங்கிருந்து வந்தன மேலே 610?

அந்த 610 வைத்திருக்கும் "பெரிய ஹோல்டர்" ஆளே இல்லை. அது பிரிட்ஜ் கான்ட்ராக்ட். ஒருவர் டோக்கனைப் பக்கச் செயினுக்குக் கொண்டுபோகும்போது மூல டோக்கன் பிரதானச் செயினில் பிரிட்ஜின் கையில் பூட்டி வைக்கப்படும், அந்தப் பக்கம் அதே எண்ணிக்கையில் நகல் உருவாகும். உதவியாளர் பூட்டியதையும் எண்ணியது, நகலையும் எண்ணியது. அடகு வைத்த நகையையும் அடகுச் சீட்டையும் இரண்டு சொத்தாக எழுதிய மாதிரி.

பிரிட்ஜைச் சுட்டிக்காட்டியதும் உடனே புரிந்துகொண்டு திருத்தியது, அதைக் குறை சொல்ல முடியாது. அதோடு விடாமல் மற்றவற்றையும் களையச் சொன்னேன். இரண்டு செயினிலும் ஒரே முகவரியில் வைத்திருப்பவர்கள் 29, அவர்களை இருமுறை எண்ணக் கூடாது. பிரிட்ஜ் ஒன்று, டோக்கனை வாங்கி விற்க உதவும் பொதுக் கையிருப்பான பரிமாற்ற பூல் ஒன்று, விற்காத 130 டோக்கனோடு இருக்கும் வழங்குநரின் வாலட் ஒன்று, ஆக மூன்று கழிய வேண்டும். 415-ல் 29 போய், 3 போய், 383. இதுவும் 383 முகவரிகள்தானே ஒழிய 383 மனிதர்கள் இல்லை, ஒருவரே ஐந்து வாலட் வைத்திருக்கலாம். அந்த வரியை உதவியாளர் தானாகவே எழுதவில்லை, நான்தான் சேர்க்கச் சொன்னேன்.

இந்த இடத்தில்தான் என் முறையே மாறியது. இதுவரை "எத்தனை பேர்?" என்று கேட்டு எண்ணை வாங்கிக்கொண்டிருந்தேன். இனிமேல், "எனக்கு எண் வேண்டாம், எண்ணை எடுக்கும் பைத்தான் ஸ்கிரிப்ட் வேண்டும், கடைசியில் எல்லா இருப்பையும் கூட்டி டோட்டல் சப்ளையோடு ஒப்பிட வேண்டும், ஒரு டோக்கன் துண்டு விழுந்தாலும் பிழை என்று நின்றுவிட வேண்டும்" என்று கேட்டேன். வித்தியாசம் பெரியது. உரையாடலில் வரும் எண்ணைச் சரிபார்க்க நமக்கு வழியில்லை, நேற்றைய எண்ணும் இன்றைய எண்ணும் ஏன் வேறு என்று கேட்டால் மன்னிப்புத்தான் கிடைக்கும். ஸ்கிரிப்ட் என்றால் வரி வரியாகப் படிக்கலாம், மறுபடி ஓட்டலாம், பிழை வந்தால் எந்த வரியில் என்று தெரியும். நிரல் எழுதுவதில் இந்த உதவியாளர்கள் கெட்டிக்காரர்கள், நெட்டையாக நூறு வரிசையைப் பார்த்து மனக்கணக்குப் போடுவதில்தான் கோட்டை விடுகிறார்கள். வலுவான இடத்தில் வேலை வாங்க வேண்டியதுதான்.

முதல் ஸ்கிரிப்ட் ஓடவில்லை. ஆறு மாதத்துக்கு முந்தைய பிளாக்கில் ஒவ்வொருவரின் இருப்பு என்ன என்று நோடைக் கேட்டது, சாதாரண நோடு பழைய நிலையை வைத்திருக்காது. நோடை ஓட்டும் கெத் மென்பொருளில் இயல்பாகக் கடைசி 128 பிளாக்குகளின் நிலைதான் இருக்கும், அதற்கு முந்தையது வேண்டும் என்றால் பழைய நிலை எல்லாவற்றையும் வைத்திருக்கும் ஆர்க்கைவ் நோடு வேண்டும், இலவசமாகக் கிடைப்பது அபூர்வம். பிழைச் செய்தியை ஒட்டியதும் உதவியாளரே மாற்று வழி சொன்னது: டோக்கன் பிறந்த நாளிலிருந்து எல்லா ட்ரான்ஸ்ஃபர் நிகழ்வுகளையும் இறக்கி, ஒவ்வொன்றாகக் கூட்டிக் கழித்து வந்தால் எந்தத் தேதியின் இருப்பும் நமக்கே கிடைத்துவிடும், ஆர்க்கைவ் தேவையில்லை. அருமையான யோசனை. எனக்குத் தோன்றியிருக்காது, தோன்றினாலும் எழுத இரண்டு நாள் ஆகியிருக்கும். அது எழுதிய இரண்டாவது வடிவம் ஆயிரம் என்று சரியாக வந்து நின்றது.

குடித்தனக்காரரைக் காலி செய்த தசமப் புள்ளி

இரண்டாவது கேள்வி, வாடகை. நண்பரின் வாலட்டுக்கு வந்த தொகைகளை மாதவாரியாகக் கேட்டேன். உதவியாளர் வரைபடமே போட்டது. முதல் ஐந்து மாதம் சீரான கோடு, ஆறாவது மாதத்திலிருந்து தரையோடு தரை. கீழே விளக்கம்: "ஆறாவது மாதத்திலிருந்து வாடகை வருவாய் ஏறக்குறைய நின்றுவிட்டது. குடியிருப்பவர் காலி செய்திருக்கலாம், அல்லது பெரிய பழுதுபார்ப்புச் செலவு இருக்கலாம்."

இதை நான் யோசிக்காமல் நண்பருக்கு அனுப்பிவிட்டேன். அது என் தப்பு. பத்து நிமிடத்தில் போன் வந்தது. "நின்றுவிட்டதா? போன வாரம்கூட 1.84 வந்ததே!"

நடந்தது இதுதான். செயினில் தசமப் புள்ளி என்ற ஒன்றே கிடையாது, எல்லாம் முழு எண்கள். எத்தனை இலக்கம் தள்ளிப் புள்ளி வைக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு டோக்கனும் தனியாகச் சொல்லும். டாலர் மதிப்பை ஒட்டி நிற்கும் டிஜிட்டல் நாணயங்களில் டை-க்கு 18 இலக்கம், யுஎஸ்டிசி-க்கு 6. இந்தத் திட்டம் முதல் ஐந்து மாதம் வாடகையை டை-யில் கொடுத்து, பிறகு யுஎஸ்டிசி-க்கு மாறியிருக்கிறது. 1.84 யுஎஸ்டிசி என்பது செயினில் 1840000 என்று இருக்கும். அதை 6-க்குப் பதில் 18 இலக்கம் தள்ளினால் 0.00000000000184. வரைபடத்தில் அது தரைதான். உதவியாளர் முதல் டோக்கனின் 18-ஐ வைத்தே எல்லாவற்றையும் வகுத்துவிட்டது, வந்த பூஜ்யத்துக்கு ஒரு காரணமும் தேடிப் பிடித்து, வீட்டில் நிம்மதியாக இருக்கும் ஒரு குடித்தனக்காரரைத் தூக்கிக் காலி செய்தும் விட்டது.

பிழையை விட அந்த விளக்கம்தான் எனக்கு ஆபத்தாகப் பட்டது. எண் மட்டும் பூஜ்யம் என்று வந்திருந்தால் நானே சந்தேகப்பட்டிருப்பேன். காலி செய்திருக்கலாம் என்ற ஒரு வரி கூட வந்ததும், கதை பொருந்துகிறதே என்று மனது ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகு தரவு எடுக்கும் உரையாடலில் காரணம் சொல்லவே கூடாது என்று தடை போட்டுவிட்டேன். காரணம் வேண்டும் என்றால் தனி உரையாடல்.

வாடகையில் இன்னும் இரண்டு பள்ளங்கள். ஒன்று, திட்டம் மொத்தமாக எவ்வளவு விநியோகித்தது என்று பார்க்க, வழங்குநர் வாடகை அனுப்பும் விநியோக வாலட்டின் ட்ரான்ஸ்ஃபர்களை எடுத்தபோது, ஒரு வருடக் கணக்கு என்று உதவியாளர் கொடுத்தது உண்மையில் முதல் சில வாரங்களின் கணக்கு. எக்ஸ்புளோரர் ஏபிஐ-கள் பலவற்றில் ஒரு கேள்விக்கு 10,000 வரிசைதான் என்ற வரம்பு உண்டு, எல்லா வீட்டு ஹோல்டர்களுக்கும் வாரா வாரம் போகும் வாலட்டில் அது சீக்கிரமே நிரம்பிவிடும். சரியாக 10,000 வரிசை வந்தால் அதற்கு "இன்னும் இருக்கிறது" என்றுதான் அர்த்தம். இதைத் தெரிந்துகொள்ள உதவியாளர் தேவையில்லை, வரிசை எண்ணிக்கையை அச்சிடச் சொன்னாலே போதும். இரண்டு, நண்பர் தானே கிரிப்டோ எக்ஸ்சேஞ்சிலிருந்து வாலட்டுக்கு அனுப்பிய 300 யுஎஸ்டிசி-யும் வாடகைக் கணக்கில் ஏறியிருந்தது. அனுப்புநர் முகவரியை வைத்து வடிகட்டியதும் போய்விட்டது.

எல்லாம் கழிந்த பின் கணக்கு நேராக வந்தது: வாரம் ஒன்றுக்கு 1.84 வீதம், வருடத்துக்கு 95.68, ஒரு வாரம்கூட விடுபடவில்லை. ஆயிரம் டாலர் போட்ட இடத்தில் இது நல்ல வரவு. சரி, அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது?

இங்கேதான் செயின் முடிந்துபோகிறது. விநியோக வாலட்டுக்கு யுஎஸ்டிசி ஒரு எக்ஸ்சேஞ்சிலிருந்து மொத்தமாக வருகிறது, அதற்கு முன்னால் வங்கி, அதற்கும் முன்னால் குடியிருப்பவர் கட்டும் வாடகை. வங்கிக்கு அந்தப் பக்கம் செயினில் ஒன்றும் தெரியாது. அதோடு, ஒரே வாலட்டிலிருந்து எல்லா வீடுகளின் ஹோல்டர்களுக்கும் வாடகை போகிறது, எது எந்த வீட்டின் வாடகை என்று பிரித்துப் பார்க்கும் தகவல் ட்ரான்சாக்ஷனில் இல்லை. வழங்குநர் வீடு காலியாகக் கிடக்கும்போது கையிருப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாலும் நம் வாலட்டில் அதே 1.84 அதே திங்கட்கிழமை வந்து விழும். ஆனாலும், "இந்த வீட்டின் வாடகை வசூல் விகிதம் என்ன?" என்று நான் சோதித்துக் கேட்டபோது உதவியாளர் ஒரு சதவீதம் சொன்னது. "இதற்கு ஆதாரமான ட்ரான்சாக்ஷன் ஹாஷ் எது?" என்று கேட்டேன். அப்போதுதான், இது மொத்த விநியோகத்தை வைத்துப் போட்ட மதிப்பீடு, இந்த வீட்டுக்கென்று தனித் தரவு இல்லை என்று ஒப்புக்கொண்டது. எந்த எண்ணுக்கும் ஹாஷ், அதாவது அந்தப் பரிவர்த்தனையின் அடையாளக் குறியீடு, கேட்கும் பழக்கம் இதிலிருந்து வந்தது. ஹாஷ் கொடுத்தால் அதையும் எக்ஸ்புளோரரில் நானே ஒட்டிப் பார்க்கிறேன்.

வழங்குநர் டோக்கனைப் பிடுங்க முடியுமா

நண்பர் கேட்காத கேள்வி இது, எனக்கே தோன்றியது. உதவியாளர் கான்ட்ராக்டைப் படித்துவிட்டு முடக்கும் வசதியோ கட்டாய மாற்றமோ கிடையாது என்றது. அது படித்தது முன்கதவை மட்டும். பல டோக்கன்கள் ப்ராக்ஸி முறையில் இருக்கும், நாம் பார்க்கும் முகவரியில் நாலு வரிதான், உண்மையான நிரல் வேறொரு முகவரியில் இருக்கும், அதை வழங்குநர் மாற்றவும் முடியும். உள்ளே போய்ப் பார்க்கச் சொன்னதும் எல்லாம் இருந்தது: இருப்பை முடக்கலாம், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு வலுக்கட்டாயமாக மாற்றலாம், வாலட்டின் ரகசியச் சாவியைத் தொலைத்தவருக்குப் புது வாலட்டில் மீட்டுக் கொடுக்கலாம். இதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை. அடையாளம் சரிபார்த்தவர்களுக்கு மட்டுமான டோக்கன்களில், குறிப்பாக ஈஆர்சி-3643 தரத்தில், இந்த அதிகாரங்கள் வேண்டுமென்றே வைக்கப்பட்டவை. பங்குப் பத்திரச் சட்டங்களுக்கு இணங்கி நடக்க அவை உதவும். ஆனால் இல்லை என்று நம்பிக்கொண்டு இருப்பது வேறு, இருக்கிறது என்று தெரிந்து இருப்பது வேறு.

தெரிந்ததில் ஒரு பலனும் கிடைத்தது. முன்பு உதவியாளர், பெரிய முதலீட்டாளர் ஒருவர் 55 டோக்கனை விற்று வெளியேறிவிட்டார் என்று சிவப்பில் காட்டியிருந்தது. அதே ட்ரான்சாக்ஷனில் பணம் எதுவும் கை மாறவில்லை, பக்கத்தில் மீட்பு நிகழ்வு பதிவாகியிருந்தது. யாரோ சாவியைத் தொலைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

விற்கப் போனால்

மூன்றாவது கேள்விக்கு உதவியாளர் சந்தை விலை 50 டாலர், இருபது டோக்கனுக்கு 1,000 கிடைக்கும் என்றது. பக்கச் செயினில் இருக்கும் பூலைப் பார்த்துச் சொன்ன விலை அது. பூலில் 40 டோக்கனும் 2,000 யுஎஸ்டிசி-யும் இருந்தன. 2,000-ஐ 40-ஆல் வகுத்தால் 50, வகுத்தல் சரிதான். ஆனால் இந்தப் பூல்களில் இரண்டு பக்கத்தையும் பெருக்கி வரும் எண் மாறக் கூடாது என்பது விதி. 40-ஐ 2,000-ஆல் பெருக்கினால் 80,000. நண்பர் இருபதையும் உள்ளே தள்ளினால் டோக்கன் 60 ஆகும், மறுபக்கம் 80,000-ஐ 60-ஆல் வகுத்து 1,333.33 மிஞ்ச வேண்டும், ஆக அவர் கைக்கு வருவது 666.67, கட்டணத்தைக் கழிக்காமலே. ஒரு டோக்கனுக்கு 33 டாலர் சொச்சம். மூன்றில் ஒரு பங்கு காற்றில் போய்விடுகிறது.

இந்தக் கணக்கு உதவியாளருக்குத் தெரியும். "இருபதையும் ஒரே நேரத்தில் விற்றால்" என்று கேட்டிருந்தால் முதலிலேயே போட்டிருக்கும். "விலை என்ன" என்று கேட்டேன், விலையைச் சொன்னது. இதை அதன் தவறு என்று எழுத மாட்டேன்.

இடையில் வந்த ஒரு வேண்டாத விருந்தாளி

நண்பரின் வாலட்டில் உள்ள எல்லா டோக்கன்களையும் பட்டியலிடச் சொன்னபோது கடைசியில் "பெறப்படாத வருமானம்" என்று ஒரு வரி வந்தது. பார்த்தால், எவனோ ஆயிரக்கணக்கான வாலட்டுகளுக்கு இலவசமாகத் தூவிய குப்பை டோக்கன், அதன் பெயரே "இந்தத் தளத்துக்குப் போய் உங்கள் வாடகை போனஸைப் பெறுங்கள்" என்ற அர்த்தத்தில் வைக்கப்பட்டிருந்தது. டோக்கனுக்கு யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரும் வைக்கலாம், செயின் தடுக்காது. மனிதனுக்கு அது தூண்டில் என்று பார்த்ததும் தெரியும். உதவியாளருக்குத் தரவும் கட்டளையும் ஒரே எழுத்தாகத்தான் வந்து சேர்கின்றன, அந்தப் பெயரை நம்பி நண்பருக்குச் சேர வேண்டிய பணம் என்று எழுதிவிட்டது. படிக்க மட்டும் அனுமதி கொடுத்திருந்ததால் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன். கையெழுத்துப் போடும் அதிகாரத்தோடு வாலட்டை இணைத்துவிட்டு, வர வேண்டியதை எல்லாம் வசூல் செய் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் சிரிப்பு வராது. சாவியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்காதீர்கள். சொந்தப் பெயரையும் வாலட் முகவரியையும் ஒரே உரையாடலில் எழுதாமல் இருப்பதும் நல்லது, அந்த முகவரியின் மொத்த வரலாறும் பெயரோடு ஒட்டிக்கொள்ளும்.

வீடு இருக்கும் இடம்

மிச்சம் இருந்தது செயினில் இல்லாத பகுதி. வீட்டின் பத்திரம் அந்த நிறுவனத்தின் பெயரில்தானா, அடமானம் போன்ற வில்லங்கம் ஏதும் உண்டா, சொத்து வரி பாக்கியா, காப்பீடு நடப்பில் இருக்கிறதா, கூரை ஒழுகுகிறதா. இதற்கு உதவியாளரைக் கேட்பதில் பிரயோசனம் இல்லை, பொதுப் பதிவேட்டை நானே போய்ப் பார்த்தேன். பத்திரம் நிறுவனத்தின் பெயரில்தான் இருந்தது, வரி பாக்கி இல்லை. உதவியாளர் இங்கே உதவியது ஒரே ஒரு விஷயத்துக்கு: நாற்பது பக்க நிறுவன ஒப்பந்தத்தை ஏற்றி, "வாடகை வராத மாதத்தில் என்ன நடக்கும் என்று சொல்லும் பிரிவுகளை மட்டும் சொல் மாறாமல், பக்க எண்ணோடு எடுத்துக் கொடு" என்றேன். மூன்று இடம் எடுத்துக் கொடுத்தது, மூன்றும் சரி. கையிருப்பு நிதியிலிருந்து கொடுக்க வழங்குநருக்கு விருப்ப அதிகாரம் உண்டு என்று ஒரு பிரிவு சொல்கிறது. நான் முன்பே சந்தேகப்பட்டது.

செயின் தரவு பளிச்சென்று இருந்தும் வீடு வேறு கதை சொல்லலாம் என்பதற்கு வெளிப்படையான சம்பவம் ஒன்று இருக்கிறது. 2025 ஜூலையில் டெட்ராய்ட் மாநகராட்சி ரியல்டி மீதும் அதன் துணை நிறுவனங்கள் மீதும் வழக்குத் தொடுத்தது, நானூறுக்கும் மேற்பட்ட வீடுகள் விதிமுறைப்படி பராமரிக்கப்படவில்லை என்பது குற்றச்சாட்டு. நண்பருடைய டோக்கன் அந்தத் திட்டம் இல்லை. ஆனால் இந்தச் செய்தியைப் படித்ததும் எனக்கு வந்த கேள்வி, அந்த வீடுகளின் டோக்கன்களை என் ஸ்கிரிப்டில் போட்டு ஓட்டியிருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்பது. ஹோல்டர் எண்ணிக்கை வந்திருக்கும், இருப்பும் சப்ளையும் பொருந்தியிருக்கும். ஜன்னல் உடைந்திருக்கிறதா என்று எந்த பிளாக்கிலும் எழுதியிருக்காது.

நண்பரிடம் கடைசியில் கொடுத்தது இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் செயினில் இருந்து எடுத்தவை, ஒவ்வொரு எண்ணுக்கும் பிளாக் எண்ணும் ஹாஷும். இரண்டாம் பக்கத்தில் பதிவேட்டிலும் ஒப்பந்தத்திலும் பார்த்தவை, அதன் கீழே வழங்குநரிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்: வீட்டில் இப்போது ஆள் இருக்கிறார்களா, போன வருட விநியோகத்தில் கையிருப்பிலிருந்து கொடுத்தது எவ்வளவு, கடைசியாக வீட்டை யார் எப்போது நேரில் பார்த்தார்கள். அவர் மின்னஞ்சல் அனுப்பினார். முதல் இரண்டுக்கும் நான்கு நாளில் பதில் வந்தது. ஆள் இருக்கிறார்கள், கையிருப்பிலிருந்து இரண்டு மாதம் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாவதற்கு இன்னும் வரவில்லை. ஸ்கிரிப்ட் ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஓடுகிறது, ஆயிரம் என்று வந்து நிற்கிறது, 1.84 விழுகிறது. நண்பர் பத்து டோக்கனைப் பூலில் போடாமல் நேரடியாக ஆள் பிடித்து விற்கப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.